கட்டத்துக்குள் ஓர் இலக்கம்

திருவொற்றியூர் எடைமேடை, இரவு இரண்டு மணி.
எண்ணூர் நெடுஞ்சாலை ஒரு முழம் நகர்வதற்குள்
ஒரு டீ குடித்து முடிக்கலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் நான்,
கன்டெய்னர் நம்பர் அடிப்பவள்.
நாலெழுத்து, ஆறு இலக்கம்,
கடைசியில் ஒரு கட்டம் கட்டி
அதற்குள் தனியாக ஒன்று.
“அது இன்னாத்துக்கு சார்?”
சூப்பர்வைசர் தேவசகாயம் தலை தூக்கவில்லை.
“கம்பெனிக்காரன் இஷ்டம். நீ அடி.”

இஷ்டமென்றால்
நாலுக்குப் பதில் ஏழு அடித்தால்
கம்ப்யூட்டர் ஏன் சிவப்பாகிறது?
இடம் மாற்றி அடித்தேன். சிவப்பு.
அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு ஒரே கம்பெனியின் புதுப் பெட்டிகள்,
பெயின்ட் வாசனை போகாமல்,
வரிசை கலைந்து வந்தன.
எடைச்சீட்டின் பின்பக்கம் அடுக்கினேன்,
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தொன்பது வரை.
கட்டத்துக்குள்
எட்டு மூன்று ஒன்பது நான்கு சுழி
ஐந்து சுழி ஆறு ஒன்று.

ஆறு கூடுகிறது, இல்லையென்றால் ஐந்து குறைகிறது.
நான்குக்கு அடுத்த சுழி மட்டும் உதைத்தது.
நான்கும் ஆறும்
பத்து!
கட்டத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம்,
ஒன்றை வெளியே விட்டுவிட்டு நுழைந்திருக்கிறது,
எங்கள் குவார்ட்டர்சில் ரேஷன் கார்டில் ஏறாமல்
பதினோராவது ஆளாய்ப் படுத்திருக்கும்
என் கொழுந்தன் மாதிரி.
ஐந்துக்கு அடுத்ததுதான் நிஜச் சுழி.

பதினோரு புள்ளியை வட்டமாக வைத்தேன்.
ஆறாறாகத் தாண்டிக் கோடு இழுத்தேன்.
கூர் கூராக ஒரு நட்சத்திரம்,
மூன்று கோடு பாக்கி.
அடுத்து ஏழு.
ஐம்பதாவது பெட்டி வருமுன்பே எழுதி
வட்டமும் போட்டுவிட்டேன்.

நாலரை மணிக்கு வந்தது ஐம்பது.
கட்டத்தில் ஐந்து.

ஹாரன். பின்னால் இன்னொரு ஹாரன்.
“அக்கா, தூங்கிட்டியா?”
இல்லை.
ஒன்பது சுழியானதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பக்கத்தில் நாலு சத்தமில்லாமல் ஐந்தாகியிருக்கிறது.
அப்படியானால் அந்த இடத்துக்கும்
சொந்தமாக ஒரு தாண்டல்.
அதற்கு முந்தின இடத்துக்கும்.
அந்த நாலெழுத்துக்கும்கூடவோ?

இருபத்தாறு டன் நானூறு கிலோ,
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
என் ஏழின் மேல் ஒரு கோடு.

ஐம்பத்தொன்று எந்த லாரியில் தூங்குகிறதோ.
ஷிஃப்ட் முடிவதற்குள் வந்தால் தேவலை.
சுழி என்று எழுதி வைத்திருக்கிறேன்,
நிஜச் சுழி.