நாலாவது முடிச்சு

டேப்புக்கு அறுபது ரூபாய் ஏன் என்று
கொடி கட்டி மிஞ்சிய நீல நைலான் கயிற்றில்
முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.
முதல் முடிச்சு வரை ஃப்ரிட்ஜ், இன்னும் ஏழு தவணை.
இரண்டாவது, கட்டில்.
மூன்றாவது, பீரோ, கதவு திறக்கும் தூரமும் சேர்த்து.
தாலிக்கும் இவ்வளவுதான் என்றான் ஜெபராஜ்.

நான்கு ஞாயிறுகள் கயிறோடு அலைந்தோம்.

கல்யாணில் இரண்டு அறை, ஒன்பதாயிரம்.
எல்லாம் அடங்கியது,
கட்டிலைச் சுற்றி நடக்கக்கூட முடிந்தது.
நாங்கள்தான் அடங்கவில்லை.
நாலே முக்காலுக்கு எழுந்தால்தான்
ஏழரைக்கு நான் சயானில்
முதல் ஆளுக்கு ரத்தம் எடுக்க முடியும்.

மான்குர்தில் ஏழாவது மாடி.
லிஃப்ட் கதவில் ஓர் ஆணி,
ஆணியில் யாருடையதோ ஹெல்மெட்.
அடுத்த மாதம் சரியாகிவிடும் என்றார் புரோக்கர் பர்சேகர்.
எந்த மாதத்துக்கு அடுத்தது என்று
நாங்கள் கேட்கவில்லை.

பிறகு சுனாபட்டி.
ஓர் அறை, ஒரு சமையல்கட்டு,
நின்றபடி மட்டும் குளிக்க ஓர் இடம்.
தண்ணீர் காலை ஐந்தரை முதல் ஆறேகால்.
ஆனால் ஒரு ஜன்னல்.
ரயில் வருவது அதில் தெரியும்,
செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினால்
பிடித்துவிடலாம்.

உள்ளே ஏற்கெனவே ஒருத்தி
சுவரைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.
ஒரே சாவிக்கு இரண்டு குடும்பத்தை
ஒரே மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் பர்சேகர்.
பெயர் மினதி, கட்டாக் பக்கம்.
என் இந்தி இடது காலில் நொண்டும்,
அவளுடையது வலது காலில்.
கயிற்றைக் கொடுத்தேன்.
ஜன்னலடியில் ஓவர்லாக் மிஷினுக்கு இடம் பார்த்து
அவளே ஒரு முடிச்சுப் போட்டாள்.
பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

ஆண்கள் வாசலில் டெபாசிட் பேசிக்கொண்டிருக்க,
தண்ணீர் வராத குழாயைத்
திருகிப் பார்ப்பதுபோல் குனிந்து
உங்களுக்கு எவ்வளவு சொன்னான் என்றாள்.
பதிமூன்றரை.
அவளுக்குப் பதினாலு.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.
ரெண்டு பேரும் பன்னிரண்டரைக்கு மேல் போகவேண்டாம்,
யாருக்குக் கிடைத்தாலும் சரி,
அவன் இறங்கட்டும்.
என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.
தொழில் புத்தி,
அவள் முழங்கை மடிப்பில்
நரம்பு நன்றாகத் தெரிவதைப் பார்த்தேன்.

அன்றிரவு கரண்ட் பில்லின் பின்பக்கம்
ஜெபராஜ் கூட்டினான்.
வாடகை, தவணை, ரயில் பாஸ், அரிசி,
ஊருக்கு அனுப்பும் இரண்டாயிரம்.
பதிமூன்று போட்டாலும்
அறுநூற்று நாற்பது மிஞ்சியது.
ஐநூறு ஏத்திச் சொல்லிடவா என்றான்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
தேய்த்ததையே தேய்த்தேன்.
பர்சேகர் நம்பர் என் போனில்தான் இருந்தது.
கையைத் துடைத்துக்கொண்டு
எடுத்துக் கொடுத்தேன்.

பதினோரு மாத ஒப்பந்தத்தில்
கையெழுத்துப் போடும்போது பர்சேகர் சொன்னார்,
அந்த இன்னொரு பார்ட்டியும்
அன்றைக்கே ராத்திரி கூப்பிட்டாளாம்,
பன்னிரண்டே முக்காலுக்கு.
உண்மையோ,
ஒரு மாதத் தரகு கொடுத்தவளுக்கு
இலவசமாய்ச் சேர்த்துக் கொடுத்த ஆறுதலோ.
திருப்பிக் கேட்கவில்லை.
அந்த முக்காலில் ஏறி நின்றுகொண்டுதான்
பாலைக் காய்ச்சினேன்.

பீரோ கதவு பாதிதான் திறக்கிறது.
புடவையை விரலால் துழாவி எடுக்கிறேன்.
ஜன்னலடியில் அரிசி மூட்டை, மேலே ஹீட்டர் டப்பா,
அதற்கும் மேலே ஜெபராஜின் ஷூ.
வெளிச்சம் அதன்மேல் விழுகிறது,
தைக்க வாகான வெளிச்சம்.

கயிறு மறுபடி கொடியாகிவிட்டது.
மூன்று முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.
நாலாவது
நகத்துக்கு அசையவில்லை, ஊசிக்கு அசையவில்லை.
கத்தரிக்கலாம்தான்,
கயிறு நீளம் போதாமல் போகும்.
ரயில் போகும்போதெல்லாம் கொடி அதிர்கிறது.
ஈரத்துணி கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து
அங்கே வந்து
நின்றுகொள்கிறது.