எத்தனை மணி நீலம்

கெராமாட் சாலையில் எங்கள் பெயிண்ட் கடை.
எந்திரம் சொட்டும், நான் மூடியை அடிப்பேன்,
குலுக்குப் பெட்டி மூன்று நிமிடம் அதிரும்.
ஆயிரத்து எண்ணூறு நிறம், ஆயிரத்து எண்ணூறு எண்.
இதற்குமேல் உலகத்தில் நிறமே இல்லை என்பார்
விசிறிக்கு அடியிலிருந்து தவுக்கே.

ஊய் லிங் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
நகமளவு பெயர்ந்த காரைத் துண்டு,
விழுந்த பல்லைப் போல டிஷ்யூவில் மடித்திருந்தாள்.
லெபோ முந்திரியில் ஒரு பின்சந்துச் சுவராம்.
அந்தத் தெருவில் முந்திரி மரம் கிடையாது,
மலாய்க்கார மந்திரி ஒருவர்
எங்கள் வாயில் கொட்டையாகிப்போனார், அவ்வளவுதான்.
துண்டைக் கருவியில் வைத்து எண் எடுத்தேன்.
நீலம், ஒரு லிட்டர், முப்பத்தெட்டு வெள்ளி.

மதியமே திரும்பி வந்தாள்.
"இது இல்லை."
எண் பொய் சொல்லாது, மிஸ்.
"துண்டுக்கு எண் சரி.
சுவர் வெயிலில் அல்லவா நிற்கிறது?
இப்போது வெளுத்துக் கிடக்கிறது.
ஓரத்தில் கொஞ்சம் பச்சைகூட,
எதிர்வீட்டுத் தகரம் கொடுத்தது."

அப்படி ஆரம்பித்தது.
நாலரை மணிக்கு ஒரு டின், மழை விட்டதும் ஒன்று.
மூடிகளில் எண் எழுதுவதை விட்டுவிட்டு
நேரம் எழுத ஆரம்பித்தேன்.
காலை ஒன்பது பத்து.
தூறல், குடையில்லாமல்.
"கிறுக்கா?" என்றார் தவுக்கே.
கடன் சொல்லாத கிறுக்கு என்றேன்.

நிழலுக்குக் கறுப்பு நாலு சொட்டு விடப்போன கையை
"வேண்டாம்" என்று நிறுத்தினாள்.
வாசலில் என் மோட்டார், அடியில் அதன் நிழல்.
"என்ன நிறம், குணாளன்?"
கறுப்பு.
"பார்."
பார்த்தேன்.
பதினோரு வருடமாக அங்கேதான் நிறுத்துகிறேன்.
கத்தரிப்பூ.

குலுக்குப் பெட்டி அதிரும் மூன்று நிமிடங்களில்
துண்டு துண்டாக அவள் சொன்ன கதை:
சாயத்தைத் தகரக் குழாயில் அடைத்து விற்ற பிறகுதான்
பிரான்ஸ்காரர்கள் ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.
ஒரே வைக்கோற்போரைப் பத்துத் தடவை, இருபது தடவை.
வெறும் இம்ப்ரெஷன் என்று பேப்பர்காரன் கேலி செய்ய
அந்தக் கேலியையே பெயராக மாட்டிக்கொண்டார்களாம்.
எனக்குப் பிடித்தது அந்தத் தகரக் குழாய்தான்.
எங்கோ ஒரு கடைக்காரனும் அதில் இருந்திருப்பான்.

மூன்றாம் மாதம் சுவரை உடைத்தாள்.
சன்னலை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்
ஒரே சட்டத்தில் கோணல்மாணலாக ஒட்டியிருந்தாள்.
கைப்பேசியில் காட்டியபோது
கீழே விழுந்த பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.
ஆறாம் மாதம் சுவரே இல்லை.
ஆளுயரக் கித்தான், முழுக்க நீலம்.
இதற்கு நானே போதுமே மிஸ், ரோலர் இருக்கிறது என்றேன்.
கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"எல்லாரும் கேட்டதுதான்.
ரோலரோடு கேட்டது நீ ஒருத்தன்."

பிறகு வரவில்லை.
கோலாலம்பூரில் வேலை என்றார்கள், தைப்பே என்றார்கள்.

போன மாதம் நகராண்மைக் குத்தகைக்காரன் வந்தான்,
கையில் முத்திரை குத்திய தாள்.
லெபோ முந்திரி, பின்சந்து, பாரம்பரிய நீலம்,
இருபது லிட்டர், ஒரே எண்.
அவள் துண்டிலிருந்து நான் எடுத்த அதே எண்.
கலந்தேன். பிசகவில்லை. பில் போட்டேன்.

நேற்றுக் கடையடைத்ததும் அந்தப் பக்கம் போனேன்.
ஆறே முக்காலுக்கு மேல்.
வண்ணம் புதிது, மேடுபள்ளம் தெரியாத பூச்சு,
அங்கே கையைக் கட்டி நிற்க வேண்டிய நீலம்
எங்கே என்று தேடினேன்.
கீழ்ப்பாதி பழுத்த கொய்யாவின் உள்பக்கம்.
மேலே, கூரைக்குக் கீழே, பெயரில்லாத ஒன்று
நான் பார்க்கப் பார்க்க இன்னொன்றாகிக்கொண்டிருந்தது.

தெருவிளக்கு எரிந்தது.
மோட்டாருக்கு இரண்டு நிழல்.
ஒன்று கத்தரிப்பூ, தெரிந்ததுதான்.
மற்றதன் பக்கத்தில் குத்தவைத்து
ஆயிரத்து எண்ணூறையும் மனதில் புரட்டினேன்.
சந்தில் வந்த ஒருத்தன் சாவி விழுந்துவிட்டதா என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.
அவனும் தேடினான்.