குழி

ஏழாயிரம் பனியன். கழுத்துத் தையல் கோணல் என்று
மாலையில்தான் தள்ளிவிட்டார் டெக்லான்.
இரவு மழை. ராயபுரத்தில்
பாவாத்தாள் மெஸ் மட்டும் திறந்திருந்தது.
எதிரெதிரே உட்கார்ந்தோம், பேச ஒன்றுமில்லாமல்.

"ஏனுங், இலையப் பாத்துட்டே இருந்தா
பசியாறுமுங்களா?"
ஆவி பறக்க விழுந்தது அரிசிம்பருப்பு.
கரண்டி முனையால் நடுவில் ஒரு குழி,
குழி நிறைய நெய்.

டெக்லான் கை வைக்கவில்லை.
அயர்லாந்தில் அவர் தெரு முக்குப் பப்பிலும்
மசித்த உருளைக்கிழங்கில்
இப்படியே ஒரு குழியாம்,
வெண்ணெய்க்கு.

போதும் என்று மறித்தார்.
விரலிடுக்கில் விழுந்தது
இன்னொரு கரண்டி.

சரக்கு ரிஜெக்ட்தான்.
காலையில் கையெழுத்தும் போட்டார்.
ஆனால் ராத்திரி கல்லாவில்
யார் காசு கொடுப்பதென்று நாங்கள் போட்ட சண்டையில்
பாவாத்தாளே சலித்துப்போய்ச் சொன்னாள்:
"மழ விடட்டுமுங்,
உக்காருங்க ரெண்டு பேரும்."