நாற்பத்தோராவது கவர்

சனிக்கிழமை மூன்று மணிக்குமேல்
முடிதிருத்தும் கடையின் மாடியில்
டியூஷன் பிள்ளைகள் போன அறையை
நாங்கள் திறந்துகொள்வோம்.
ஒரு பழைய ஸ்கேனர், யோகேஸ்வரியின் கைப்பேசி,
ஒருவர் ஏறினால் ஒருவர் நகர வேண்டிய பெஞ்சு.
மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்,
ஒலிப்பதிவில் அதுதான் முதலில் பேசும்.
வேர்த்துக்கொண்டே சொல்வார்கள்
சுங்கை கெலாடி தோட்டத்து ஜனங்கள்.

முதலில் யாரும் வீட்டைப் பற்றிச் சொல்வதில்லை.
சவரியம்மா குழாயைப் பற்றிச் சொன்னார்:
எட்டு வீட்டுக்கு ஒரு குழாய்,
இரவு இரண்டு மணிக்குத்தான் தண்ணீர் ஏறும்,
நிரம்புகிற சத்தத்தை வைத்தே
படுத்தபடி சொல்லிவிடுவாராம் யார் வாளி என்று.
என்னைப் பார்த்து,
'நாலு நம்பர் அடிச்ச வீட்டுப் பிள்ளைதானே நீ?' என்றார்.
சிரிக்கவில்லை.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

வீரப்பெருமாள் ரொட்டி டின் நிறைய
மின்கட்டண ரசீது கொண்டுவந்தார்.
'பார்த்துக்க. இருக்கோம்.'
அவ்வளவுதான்.
பதினொரு விநாடி.

தோட்டம் கைமாறியபோது
இரண்டே வருஷம், கல்வீடு, என்றார்கள்.
அதுவரைக்கும் இது என்று
செம்பனைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில்
பலகைச் சுவரும் தகரமுமாக நாற்பது கதவுகள்.
தற்காலிக வீடு என்று முகப்பில் எழுதினார்கள்.
அந்தச் சொல்லுக்கு இப்போது இருபத்து மூன்று வயது.
அதற்குள் பிறந்த பெண்ணுக்கு
அதன் வாசலிலேயே பந்தல் போட்டுக்
கல்யாணமும் முடித்தாகிவிட்டது.
கரையான் சுவரைத் தின்று முடித்து
அடுத்த வீட்டுக்கு வழி போட்டுக்கொடுத்திருக்கிறது.

யோகேஸ்வரி படிவம் ஒன்று அடித்திருந்தாள்.
பெயர். லயத்து எண். வந்த ஆண்டு. போன ஆண்டு.
கடைசிக் கட்டம் காலியாகவே வந்துகொண்டிருந்தது.
'போகலியே, என்னத்த எழுத' என்றார் தனபாக்கியம்.
நான் சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.
'கோடு போடாதம்மா,
செத்தவங்களுக்குப் போடுற மாதிரி இருக்கு.'
ரப்பர் தேடி அழித்தேன்.

நாற்பது வீட்டுக்கு நாற்பது கவர்.
எண் போட்டு அடுக்கி முடித்த வாரம்
கதவிடுக்கில் இன்னொன்று கிடந்தது.
பெயரில்லை. உள்ளே
கம்பெனியின் கடிதத் தாள், மலாயில்:
வீடு வேண்டாம், பணம் போதும்,
இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்
என்று ஒப்புக்கொண்டவர்கள்.
மூன்றே பேர். தேதி,
மற்றவர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்திருந்த வாரம்.
முதலிரண்டும் கைநாட்டு.
மூன்றாவதில் ழகரத்தின் வால்
கீழ்க்கோட்டைத் தொட்டுச் சுழிந்திருந்தது.
ஆறு வருஷம் என் தேர்ச்சிப் புத்தகத்தில்
அந்த வாலைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

எட்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
அந்த மாதம்தான் அப்பா ஒரு ராத்திரி
கோழியும் சோடாவுமாக வந்து
நம்பர் அடித்துவிட்டது என்றார்.
லோரி வந்தது. தாமானில் வீடு, கேட், தபால்பெட்டி.
சாமான் ஏற்றியபோது
லயத்தில் யாரும் கைகொடுக்கவில்லை.
எல்லாருக்கும் பொறாமை என்றாள் அம்மா.
இருக்கும் என்று நானும் நம்பினேன்.

'என்னது அது?' என்றாள் யோகேஸ்வரி.
மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போதுமான நேரம் இருந்தது.
உண்மையைச் சொன்னால்,
பாதி மடித்தும் விட்டேன்.
இப்போது படத்தில் தெரிகிறதே
நடுவில் ஒரு வெள்ளைக் கோடு,
அது அப்போது விழுந்தது.

கண்ணாடியில் கவிழ்த்தேன்.
மூடிக்குக் கீழே வெளிச்சம் மெதுவாக நகர்ந்து
மூன்று பேரையும் கடந்து போயிற்று.

பிறகு ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினேன்.
லயத்து எண் பதினேழு.
போன ஆண்டு எங்களுக்கு இருந்தது.
எங்களுக்குத்தான் இருந்தது.

மேசையைச் சுற்றிப் போய்
அவர்கள் உட்காரும் பக்கம் உட்கார்ந்தேன்.
'விசிறியை நிறுத்து' என்றேன்.
அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

வீட்டைப் பற்றி எனக்கும் வரவில்லை.
அப்பா சொன்ன நம்பரைச் சொன்னேன்:
ஏழு, ஒன்று, நாலு, சைபர்.
அம்மா இன்னும் அதைத்தான் எழுதுகிறாள்,
ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வெள்ளிக்கு.