நாலு புள்ளி

நீச்சல் குளம் என்று சொல்லாதே.
பத்து மீட்டர் ஆழம், அடியில்
சாம்பல் வண்ணம் பூசிய ஒரு கான்கிரீட் பாறை.
கொலோன் நகரத்தில் மழை பெய்யும் செவ்வாய்க்கிழமைகளில்
இதுதான் விண்வெளி.
இறங்குகிறவர்கள் மூச்சோடு மேலே வருகிறார்களா
என்று பார்ப்பது என் வேலை.

இல்திகோ சலொன்டாய் வந்தபோது வயது நாற்பத்தாறு.
விண்ணப்பம் மூன்றாவது.
முதல் முறை, கண்பார்வை.
இரண்டாம் முறை காரணம் சொல்லவில்லை.
இடையில் பதினெட்டுக் குளிர்காலம்
மாத்ரா மலையுச்சியில், தொலைநோக்கியின் காலடியில்:
விரல் நுனி வெட்டிய கையுறை,
பிளாஸ்கில் ஆறிப்போன காப்பி,
திரையில் நாலு புள்ளி.

"நாலே நாலு" என்றாள்,
கழுத்து வளையத்தை நான் பூட்டிக்கொண்டிருந்தபோது.
"நாலு புள்ளி வெளிச்சம் ஏறி இறங்குவதை வைத்தே
சொல்லிவிட்டேன், ஆறு மணி பதினொரு நிமிடத்துக்கு ஒரு சுற்று,
வேர்க்கடலை வடிவம், இடுப்பில் ஒரு பள்ளம்,
உள்ளே வெறும் சரளைக் குவியல் என்று.
தொட்டதில்லை.
வீடு வாங்குகிறவன்கூட
ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கிறான்."

முதல் நாள், சுத்தியலால் பாறையில் ஒரு தட்டு.
பாறை அசையவில்லை.
அவள் போனாள்,
பின்னோக்கி, மெதுவாக, கால்கள் மேலே,
கயிறு இழுத்துப் பிடிக்கும் வரை.
ஒலிபெருக்கியில் அவள் குரல் கரகரத்தது:
"நான் எழுதிய சமன்பாடுதான் இது.
வயிற்றைப் புரட்டும் என்று அதில் எழுதவில்லை."

கல்லைக் கற்க வந்தவள் நண்டிடம் கற்றாள்.
ஒரு கை பிடித்த பிறகே மறு கையை விடுவது.
உடைக்காமல் கிள்ளுவது.
வீசாமல் பையில் விடுவது.
அங்கே கைநழுவும் கூழாங்கல் விழாது,
விழ மனமில்லாமல்
கூடவே சூரியனைச் சுற்றும்.

போர்தோவில் விமானம் ஏறி ஏறிச் சரிந்த நாளில்
முப்பத்தொரு தடவை எடையிழந்தாள்.
பத்தொன்பதாவதில் வாந்தி.
பையின் வாயைக் கட்டி, நேரம் குறித்து,
"மாதிரி எண் ஒன்று" என்று பேனாவால் எழுதினாளாம்.

ஒருநாள் மேலே வர நேரமாகிவிட்டது.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அசையவில்லை.
பாறையின் இடுப்புப் பள்ளத்தில் கை வைத்திருந்தாள்.
அவள் கணக்கைப் பார்த்துத்தான்
தச்சர்கள் அந்த அச்சைச் செய்தார்கள் என்பது
அப்போது எனக்குத் தெரியாது.
வண்ணத்தில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.
அதைப் பிய்த்தெடுத்து
என் முகக்கண்ணாடிக்கு முன் நீட்டினாள்,
ஏதோ கண்டுபிடித்தவள் போல.

மார்ச்சில் பட்டியல் வந்தது.
போகிறவன் ஐவின் ரூஸ்தா, முப்பத்துநாலு, விமானி.
அவள் மாற்று ஆள்.
மாற்று ஆளுக்கு எல்லாப் பயிற்சியும் உண்டு,
எல்லா ஊசியும் உண்டு,
இருக்கை கிடையாது.
ஆறுதலாக ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன்.
உடை மாற்றும் அறையில் அவள் காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள்.
வாக்கியம் என்னோடே வீட்டுக்கு வந்தது.

மறுவாரம் ஐவினைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள்.
அவன் கையை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.
"இந்த இடத்தில் என் கணக்கு தப்பாக இருக்கலாம்.
தப்பென்றால் முதலில் எனக்குச் சொல்.
உலகத்துக்கு அப்புறம்."

அவன் கிளம்பி ஏழு மாதம்.
இன்னும் போய்ச் சேரவில்லை.
பாறையை வடிகட்டி மூலையில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம்,
அடுத்த குழுவுக்கு நிலா வேண்டுமாம்.

நேற்று மாத்ராவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள்.
கறுப்பு. நடுவில் ஐந்து புள்ளி.
ஐந்தாவது மங்கல்.
கப்பலாக இருக்காது, அவ்வளவு சிறியது தெரியாது,
கருவியில் கோளாறு, என்று எழுதியிருந்தாள்.
அதற்குக் கீழே,
துடைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தேன்,
இருக்கிறது.