எலாஸ்டிக் தடம்

வரும் அன்று இறுக்கமாக எதுவும் உடுத்தாதீர்கள், நாகவேணி.
இடுப்பில் பாவாடை நாடா பதித்த கோடு
மறைய இரண்டு மணி நேரமாவது ஆகும்.
எலாஸ்டிக் தடம் அதைவிடப் பிடிவாதம்.
தொளதொள நைட்டி போதும், மேலே ஒரு துப்பட்டா.
ராயக்கோட்டை ரோட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்,
தெருவே நைட்டியில்தான் பால் வாங்குகிறது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு.
ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பேன், குனிந்து வாருங்கள்.
கீழே காதுகுத்து ஆல்பங்கள், மஞ்சள் நீராட்டு பேனர்கள்.
நிற்காமல் மாடி ஏறிவிடுங்கள்.
மேலே ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரே ஜன்னல்.
ஜன்னலில் கிருஷ்ணகிரி மலை மட்டும்தான் தெரியும்.
மலைக்குக் கண் கிடையாது
என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிவிட்டேன்.

புருவம் முந்தின நாளே திருத்திக்கொள்ளுங்கள்.
அன்றைக்கே செய்தால் சிவந்து நிற்கும்.
வயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள்.
வயிறு படத்தில் வரும்.
ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் சரியும்,
மூச்சு விட்டால் இன்னும் கொஞ்சம்.
மூச்சைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் இருபது நிமிடம்
ஆதாருக்கு உட்கார்ந்ததுபோல இருப்பீர்கள்.
எல்லோரும் அப்படித்தான், அவற்றை நானே அழித்துவிடுவேன்.
கையை எங்கே வைப்பது என்பதுதான் பெரும்பாடு.
வெட்கம் கடைசியாகக் காலி செய்யும் வீடு, விரல்.

மெமரி கார்டு உங்களோடு வந்துவிடும்.
யாருக்காக என்று நான் கேட்க மாட்டேன்.

இவ்வளவும் போனில் சொன்னது.
சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டவள்
ஒரு கட்டைப் பையோடு வந்தாள்.
உள்ளே கறுப்பு சேலை ஒன்று.
ரவிக்கை எங்கே என்றேன்.
வேணும்னேதான் எடுத்தாரல என்றாள்.

மாங்கூழ் கம்பெனியில் பதினோரு சீசன்.
தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, முழங்கால்வரை பூட்ஸ்.
"கண்ணு மட்டும்தான் மேடம் எனக்குச் சம்பளம் வாங்குது."
இரண்டு முன்கையிலும்
மாம்பால் பட்டு வெந்த கரும்புள்ளிகள்.
கம்ப்யூட்டரில் இதை எடுத்துவிடுவீர்களா?
எடுக்கணுமா?
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.
"சோத்துக் கையில எடுத்துடுங்க.
பீச்சாங்கையில இருக்கறது இருக்கட்டும்."
ஏன் என்று அதையும் நான் கேட்கவில்லை.

இருபது நிமிடம் இல்லை, முக்கால் மணி ஆயிற்று.
பிறகு தோள் ஒருமுறை இறங்கியது,
சுமையை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்டதுபோல.
அதன்பின் நான் எதுவும் சொல்லவில்லை.
சேலை அவள் சொன்னபடி கேட்டது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
வரும்வரை படுத்துக்கறேன் என்றவள்
மூன்று நிமிடத்தில் தூங்கிப்போனாள்.
வாய் லேசாகத் திறந்து,
ஒரு கால் விரிப்புக்கு வெளியே,
கறுப்பு முந்தானை தரையில்.
ஜன்னல் வெளிச்சம் கழுத்தில் தொடங்கி
குதிகால் வெடிப்பில் வந்து நின்றது.
இருபது வருடத் தொழிலில் அப்படியொரு படம்
எனக்கு வாய்த்ததில்லை.
கேமராவை மூடி கட்டிலடியில் வைத்தேன்.
தூங்குகிறவளிடம் எப்படிக் கேட்பது?

கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் எழுந்தாள்.
ஐயோ எவ்ளோ நேரம், எழுப்பக் கூடாதா என்றாள்.
நைட்டிக்கு மாறி, பணத்தை எண்ணிக் கொடுத்து,
படியில் பாதி இறங்கி, திரும்பினாள்.
"மேடம், பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வேணும்.
குழு லோனுக்குக் கேட்டாங்க."

கீழே நீலத் துணியை இழுத்துவிட்டேன்.
ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்தாள்.
முடியை அள்ளி முடிக்கக் கை உயர்ந்தது,
பாதியில் இறங்கி மடிக்கு வந்தது.
பேங்க்காரனுக்குக் காது இரண்டும் தெரிந்தால் போதும்.
தெரிந்தன.
ரெடி சொல்வதற்கு முன்பே
அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.