மூழ்குமுன்

இரவே ஊறப் போட்டால்தான் காலையில் கரையும்.
எட்டுப் பூந்திக்கொட்டை, உடைத்து, விதை நீக்கி,
ஒரு செம்பு தண்ணீர்.
கறுத்த விதைகளை முதலாளியின் மகன்
போளை அடிக்கக் கொண்டுபோவான்.
பழுப்புத் தோல் மட்டும் கிண்ணத்தில் கிடந்து
புளித்த பழம்போல மணக்கும்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஈட்டுக்கடை. நகை கழுவுகிறவள் நான்.
சவர்க்காரம் பட்டால் கல் மங்கும் என்பார் முதலாளி.
ஏறாவூரிலிருந்து இஸ்மாலெவ்வை காக்கா
மாதம் ஒரு கிலோ கொட்டை சைக்கிளில் கொண்டுவருவார்,
காசுக்கு முன்னால் தேத்தண்ணி கேட்பார்.

கழுத்துகள் தண்ணீரில் எதை விடும் என்று எனக்குத் தெரியும்:
பவுடர், வேர்வை உப்பு, கோயில் சந்தனம்.
ஒருத்தியின் கொடியில் இடியப்ப மாவு,
கண்ணி கண்ணியாய்.
பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன்.
நுரை அவசரப்படாமல் எழும்பும்,
கையை எடுத்தால்
ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

பெற்றோல் வரிசை பாலம் வரைக்கும் நீண்ட அந்த வருஷம்
கடைக்குள்ளும் வரிசை.
லாச்சியில் இடமில்லை.
"வியாழன் மூழ்குறதையெல்லாம்
செவ்வாயே கழுவி வை."
மூழ்குமுன் மூழ்கவைப்பது
என் வேலையானது.

நானூற்றுப் பன்னிரண்டு. இரட்டைப்பட்டுச் சங்கிலி.
கொளுவியில் ஒரு முடி சுற்றிக் கிடந்தது.
பல்துலக்கிக்கு வரவில்லை. நுரைக்குள் விட்டுவைத்தேன்,
தானாகவே நழுவிற்று.
தாளில் நீட்டிப் பார்த்தேன்.
நுனியிலிருந்து கறுப்பு, சாயக் கறுப்பு,
வேர்ப்பக்கம் மூன்று விரற்கடை வெள்ளை.
மூன்று விரல் என்றால் நாலு மாதம்.
சங்கிலியை விடுமுன்னம்
சாயத்தை விட்டிருக்கிறாள்.

எறிய மனம் வரவில்லை.
சீட்டு உறைக்குள் போட்டேன்.

வியாழன், பூட்டும் நேரம் வந்தாள்.
களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் நின்றபடியே வந்த முகம்.
முழுக்க நரைத்த தலை, இறுக்கிய கொண்டை.
காசை அவள் இரண்டு தரம் எண்ணினாள்,
முதலாளி மூன்று தரம்.
சங்கிலியை எடுத்து வைத்தேன்.
அவள் தொடவில்லை.

"இது என்ட இல்ல புள்ள."
"உங்கடதான் அக்கா, நம்பரப் பாருங்க."
"என்ட மங்கல். இப்பிடி மினுங்காது.
மாத்திப்போட்டீங்க."
முதலாளி தராசை இழுத்தார். நிறை சரி.
தராசையும் அவள் நம்பவில்லை.

எத்தனை வருஷம் கழுத்தில் கிடந்ததோ,
ஒரு காலையில் நான் கழற்றிவிட்டேன்.
என்ன சொல்ல? உறையைக் கவிழ்த்தேன்.
கண்ணாடி மேசையில்
முடி விழுந்ததற்குச் சத்தமில்லை.

குனிந்தாள்.
வெள்ளைப் பக்கத்தை நகத்தால் தள்ளிப் பார்த்தாள்.
மறுகா, கொண்டையை ஒருதரம் தொட்டாள்.
"ஓம்," என்றாள். "இது நான்தான்."

சங்கிலியை அங்கேயே போட்டுக்கொண்டாள்,
முடியைக் கைலேஞ்சியில் முடிந்தாள்.
படி இறங்கியவள் கிறுகி வந்து
"என்னத்தால கழுவினீங்க?" என்றாள்.
ஒரு கை கொட்டையை
நானூற்றுப் பன்னிரண்டு என்றெழுதிய
அதே உறையில் போட்டுக் கொடுத்தேன்.
முதலாளி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

நகை படாமல் மிஞ்சிய தண்ணீரை
அன்றும் போத்தலில் கொண்டுபோனேன்.
ஷாம்பு விலை கேட்டு வெறுங்கையோடு வந்த நாள்முதல்
என் தலைக்கும் அதுதான்.
கண்ணில் பட்டால் எரியும். இறுக்கி மூடிக்கொண்டு
நொச்சிமுனைக் கிணற்றடியில் தேய்த்தேன்.
விரலோடு வந்த முடியை
விளக்கடியில் நீட்டிப் பார்த்தேன்.

கறுப்பு.
கறுப்பு.
வேரில் கொஞ்சம் வெள்ளை.
நுரையாகவும் இருக்கலாம்.